ஹாகோப் அண்ணை பிடித்த சுரம்

போன கிழமை பல் வைத்தியரிடம் போயிருந்தேன். கடைவாய்ப் பல் ஒன்று மாதக்கணக்காக என்னைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. டெர்மின், அதாவது வைத்தியரைப் பார்க்க நேரம், கிடைக்கவில்லை என்று வீட்டில் பொய் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பல் பிடுங்கப் பயம் என்று இந்த வயதில் வாய் திறந்து சொல்ல முடியுமா, சொல்லுங்கள்? கடைசியில் கன்னம் பணியாரம் மாதிரி வீங்கிய பிறகுதான், டோர்ட்மண்டில் புதிதாகத் திறந்த ஒரு கிளினிக்கின் காத்திருப்பு அறையில் போய் உட்கார்ந்தேன். வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதிரை, மூலையில் பிளாஸ்டிக் மூங்கில். கூரையில் பதித்த ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டு இல்லை. ஒரே ஒரு சுரம். தாழ்வாக, தடிப்பாக, கொஞ்சம் ஈரமாக, நிற்காமல்.

முதலில் கவனிக்கவில்லை. பிறகு அந்தச் சுரத்தை எனக்கு அடையாளம் தெரிந்தது. எழுந்து வரவேற்பு மேசைக்குப் போனேன்.

"இது என்ன பாட்டு?"

"இது பாட்டில்லை. பயந்து வாற ஆக்களை அமைதியாக்கிற சத்தம். உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"இது ஒரு மனிசன்" என்றேன்.

அந்தப் பெண் என் கன்னத்தைப் பார்த்தாள். பல் நோ தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பாள். "இன்னும் கொஞ்ச நேரம்தான், இருங்கோ" என்றாள். போய் இருந்தேன்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் என் அப்பாவைத் தவிர மற்றவர்கள் பேசியது முழுக்க ஜெர்மன். சிலர் நல்ல ஜெர்மன், சிலர் என் அப்பாவைப் போல உடைந்த ஜெர்மன். ஆனால் என் காதுக்குள் அவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள். நான் என்ன செய்ய? என் காது அப்படி.

ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, மேடை ஒலி பார்க்கிற வேலைக்கு நான் சேர்ந்த முதல் இடம், டோர்ட்மண்டின் வடக்கில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம். கலை மண்டபமாக மாற்றியிருந்தார்கள். மாற்றினார்கள் என்று பேர்தான். மழை பெய்தால் இரும்பு நாறும், வெயில் அடித்தால் எண்ணெய் நாறும். நான் வயர் சுருட்டுவேன், மைக் வைப்பேன், கதிரை தூக்குவேன். அம்மா ஊராருக்கு "மகள் சவுண்ட் எஞ்சினியர்" என்று சொல்லிவைத்திருந்தார். அந்த எஞ்சினியரின் முழங்கை முழுக்கக் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும்.

அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு அறை மட்டும் நல்ல வாசனையாக இருக்கும். ஈர நாணலும், தேத்தண்ணியும், கொஞ்சம் பழ மரமும் கலந்த வாசம். அங்கேதான் அனாஹித் அக்காவும் அவருடைய கணவர் ஹாகோப் அண்ணையும் பயிற்சி செய்வார்கள். ஆர்மீனியர்கள். இரண்டு பேரும் டுடுக் ஊதுகிறவர்கள். டுடுக் என்றால் ஆப்ரிக்கொட் என்கிற பழ மரத்தில் கடைந்த ஒரு குழல்; வாய்ப்பக்கம் அகலமான நாணல் சீவாளி. அழுது முடித்து, மூக்கு அடைத்த குரலில் ஒருத்தர் கதைப்பதுபோல இருக்கும் அதன் சத்தம். ஹாகோப் அண்ணை தேத்தண்ணி குடித்தபடி, இரண்டு சீவாளிக்கும் தண்ணீர் விட்டு, உதறி, அவற்றின் வாய் விரியும்வரை காத்திருப்பார். முதலில் மனைவியுடையது. பிறகு தன்னுடையது. அண்ணை என்று நான் கூப்பிட்டதற்கு அர்த்தம் கேட்டார், சொன்னேன். அன்றிலிருந்து வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார்.

பாட்டை ஊதுவது அக்கா. அண்ணை ஊதுவது ஒரே ஒரு சுரம். ஆர்மீனிய மொழியில் அந்தச் சுரத்துக்குத் 'தாம்' என்று பெயர்; அதை ஊதுவது தாம் பிடிக்கிறது. பாட்டுக்குக் கீழே தரை போல அந்தச் சுரம் கிடக்கவேண்டும். ஒரு நொடி அறுந்தாலும் மேலே நிற்கிற ஆள் விழுவார். அண்ணை கன்னத்தில் காற்றைச் சேர்த்து, அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் புதுக் காற்றை இழுப்பார். கன்னம் இரண்டும் உப்பியிருக்கும். அப்போது "ஸ்க்" என்று மூக்கில் ஒரு சின்னச் சத்தம் கேட்கும். இவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். அக்கா மனப்போக்கில் ஊதுகிறவர். எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது மட்டும்தான் பேச்சு. நடுவில் எந்தப் பக்கம் போவார் என்று அவருக்கே தெரியாது. திடீரென்று ஒரு இடத்தில் திரும்பி, வேறு சுரத்தை வீடாக எடுத்துக்கொள்வார். அந்தக் கணமே கீழே தாமும் மாறவேண்டும். எப்படித் தெரியும் என்று அண்ணையைக் கேட்டேன்.

"முழங்கால்" என்றார்.

இரண்டு பேரின் கதிரையும் ஒட்டித்தான் இருக்கும். அவருடைய வலது முழங்கால் அக்காவின் இடது முழங்காலில் தொட்டபடி. திரும்புவதற்கு முன் அக்காவின் கால் இறுகுமாம். பதினைந்து சென்டிமீட்டர் தள்ளிக் கதிரை போட்டால்கூட என்னைக் கூப்பிட்டு, "ஜான், கிட்ட" என்பார். ஜான் என்றால் அவர்களுடைய செல்ல வார்த்தை.

ஒரு பின்னேரம் அப்பா என்னைக் காரில் ஏற்றிப்போக வந்தவர், வாசலில் நின்று கொஞ்சநேரம் கேட்டார். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்; ஆனாலும் அப்பா ஊரில் கோயில் திருவிழா ஒன்றும் விடாமல் மேளம் கேட்கப் போனவர். பார்த்த உடனே அண்ணையின் வேலையைக் கண்டுபிடித்துவிட்டார்.

"உவர் ஒத்துக்காரர் எல்லோ! நாயனத்துக்குப் பக்கத்திலை ஒத்து ஊதுற ஆள் இருப்பார், பாத்திருக்கிறியே? நீ எங்கை பாத்தாய். இப்ப அங்கயும் சுருதிப் பெட்டியை முடுக்கிவிட்டிட்டுப் போயிடுறாங்கள்." பிறகு என் காதுக்குள் குனிந்து, "மனிசி கச்சேரி, மனிசன் ஒத்து. நல்ல குடும்பம்!" என்று கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அண்ணைக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழலை வாயில் வைத்தபடியே அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். அப்பா மோசமான ஆள் இல்லை. ஆனால் எனக்கு அன்று அவரைக் காருக்குள் வைத்துப் பூட்டவேண்டும் போல இருந்தது.

பிறகு தில்மான் வந்தான். அவனுக்கு அண்ணைப் பட்டம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மெலிந்த, மரியாதையான, யாரோடும் குரல் உயர்த்தாத பையன். மடிக்கணினி ஒன்று, திருகுகள் நிறைந்த பெட்டி ஒன்று. அக்கா ஊதுவதை அந்தப் பெட்டிக்குள் வாங்கி, நீட்டி, உடைத்து, தலைகீழாக்கித் திருப்பி அனுப்புவான். அக்கா தன் சத்தத்துக்குத் தானே பதில் ஊதுவார். அது என்ன மாதிரி இருந்தது தெரியுமா! நான் பொய் சொல்லமாட்டேன். வயரைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து நின்றேன். வேலையில் என்னை விழிக்கவைத்த முதல் இசை அதுதான். மூன்று பேரும் சேர்ந்து ஊர் ஊராகப் போகத் தொடங்கினார்கள். அவர்களுடைய வான் வண்டியில் நானும் போவேன்.

ஒரு நாள் பகல், தில்மான் அண்ணையிடம் வந்து, "உங்கட சுரத்தைத் தனியாப் பதியவேணும். மண்டபம் பெரிசா இருந்தா எனக்குச் சத்தத்தைச் சரிபார்க்க உதவும்" என்றான். அண்ணை அடுத்த நாள் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு வந்தார். யோசித்துப் பாருங்கள், ஒலிப்பதிவுக்குக் கழுத்துப் பட்டி! அவரைத் தனியாக யாரும் அதுவரை பதிந்ததில்லை. நான்தான் மைக் வைத்தேன். ஒரு தரம் பிடித்தார். "இன்னொருக்கா, இன்னும் நீட்டா." பிடித்தார். "இன்னொருக்கா, அசையாம." முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்துவிட்டது. முடிந்ததும் அக்கா ஓடிவந்து அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தார். "என்ர மனிசன் மாதிரி ஒருத்தரும் பிடிக்க ஏலாது" என்றார். அண்ணை கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

அந்தச் சுரத்தைத் தில்மான் கணினியில் வெட்டி, தலையையும் வாலையும் ஒட்டி, முடிவே இல்லாமல் சுற்றவிட்டான். மூக்குச் சத்தங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தான். ஒன்றை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுத்தால் அந்த இடத்தில் சுரமே குழிவிழுந்தது. "இந்த ஒரு மூக்கு என்னைக் கொல்லுது" என்று என்னிடம் முறைப்பட்டான். சரி கிடக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

பிறகு நடந்ததெல்லாம் மிகவும் மரியாதையாக நடந்தது. முதலில் ஒரு பாட்டுக்கு மட்டும். "உங்கட நெஞ்சுக்கும் ஓய்வு வேணும்தானே" என்றான் தில்மான். அண்ணை அந்தப் பாட்டு முழுக்கக் குழலை மடியில் வைத்துக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தார். அடுத்த ஊரில் இரண்டு பாட்டு. அடுத்த ஊரில், சும்மா இருக்கிற ஆள் மீது வெளிச்சம் விழுவது ஒருமாதிரி இருக்கிறது என்று கதிரையைப் பின்னுக்கு இழுக்கச் சொன்னார்கள். இழுத்தேன், வேலை அதுதானே. முழங்கால் எட்டவில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் அண்ணை பிந்தினார். பார்த்தீர்களா, பிந்துகிறார் என்று அதையே பிடித்துக்கொண்டார்கள். அடுத்த ஊரில் கதிரை திரைக்குப் பின்னால் போனது. அதற்கடுத்த ஊரில் வானிலிருந்து இறக்கவே இல்லை.

அக்காவிடம் நேரே கேட்டுவிட்டேன். அந்த வயதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"அண்ணையைப் பாக்க உங்களுக்கு வயித்தெரிச்சலா இல்லையா, அக்கா?"

அவர் சீவாளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீ கலியாணம் கட்டேல்லை. உனக்கு விளங்காது. இவ்வளவு காலமும் அவன்ர மூச்சு முடியுதோ, அவன் களைக்கிறானோ எண்டு பாத்துப் பாத்துத்தான் நான் ஊதினனான். மிஷினுக்குக் களைப்பில்லை. நான் இப்பதான் போறன், போற இடம்வரை."

உண்மையைச் சொன்னால், அவர் முன்னைவிட நன்றாகத்தான் ஊதினார். அதுதான் என்னால் தாங்கமுடியாமல் போனது. கெட்டுப்போயிருந்தால் தில்மானைத் திட்டித் தீர்த்திருப்பேன்.

அண்ணைக்குப் புது வேலை கொடுத்தார்கள். வான் ஓட்டுவது, மண்டப வாசலில் மேசை போட்டு இசைத்தட்டு விற்பது. உள்ளே அவருடைய சுரம் ஓடிக்கொண்டிருக்கும். வெளியே அவர் மேசையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பார். அந்த ஒற்றை மூக்குச் சத்தம் வரும்போதெல்லாம், பாவி மனிதர், அங்கே நின்றபடி தானும் மூக்கால் இழுப்பார். பழக்கம். ஆனாலும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் அக்காவின் சீவாளிக்குத் தண்ணீர் விட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். அதை யாரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை. பெரிய மனது.

ஸ்டுட்கார்ட் நிகழ்ச்சியை நான் மறக்கமாட்டேன். நல்ல கூட்டம். அக்கா உச்சத்தில் இருந்தார். கடைசிப் பாட்டின் நடுவில் திரும்பினார். பெரிய திருப்பம், புது வீட்டுக்குப் போய் நின்றுகொண்டு, கீழே தரை வரும் என்று காத்திருந்தார். தரை வரவில்லை. சுற்றுகிற சுரத்துக்கு என்ன தெரியும்? தில்மான் கையால் மாற்றாவிட்டால் அது மாறாது; பழைய இடத்திலேயே கிடந்தது. தில்மான் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு சுரமும் ஒன்றையொன்று கடித்தன. அக்கா விடாமல் நின்றார். ஒலிமேசையில் இருந்த எனக்குப் பல் கூசியது.

அப்போது மண்டபத்தின் பின்னாலிருந்து ஒரு சத்தம். அண்ணை கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, சுவரோடு நின்று, வாயை மூடியபடி முனகினார். சரியான சுரம். அக்கா நிற்கிற வீட்டின் சுரம். கையில் குழல் இல்லையே, தொண்டையால் பிடித்தார்.

"உஷ்ஷ்!" என்றது கடைசி வரிசை. ஒரு அம்மா திரும்பி, "உங்களுக்கு மரியாதை தெரியாதா?" என்றார். நுழைவுச்சீட்டு பார்க்கிற ஆள் வந்து, அவருடைய முழங்கையைப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாக வெளியே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். மேடையில் அக்கா அந்தப் பக்கம் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன். ஒரு மூச்சு நேரம் நின்றார். பிறகு பழைய வீட்டுக்கே இறங்கிவந்து பாட்டை முடித்தார். எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர் பின்னால் வந்து, "அந்த மோதல்! வீடிழந்த மனிசரின்ர வலி அப்பிடியே கேட்டுது!" என்று தில்மானைக் கட்டிப்பிடித்தார். தில்மான் திருதிருவென்று முழித்தான், பிறகு ஓம் ஓம் என்றான். அன்றிலிருந்து எல்லா ஊரிலும் அந்த இடத்தில் அந்த மோதலை வேண்டுமென்றே வைத்தார்கள். மனப்போக்கில் வந்த பிழை, பயிற்சி செய்த வலியாகிவிட்டது. வாயில் வருகிறது, எழுதவேண்டாம் என்று விடுகிறேன்.

திரும்பி வரும் வழியில், பெட்ரோல் நிலையத்தில், அண்ணை அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். நானும் தில்மானும் பக்கத்தில் கோப்பி குடித்துக்கொண்டு நின்றோம். எங்களுக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ ஜெர்மனில் கேட்டார்.

"நான் ஊதேல்லை. கதிரையை மட்டும் போடட்டும். சும்மா இருக்கிறன், உனக்குப் பக்கத்திலை."

தில்மான் கோப்பைக்குள் பார்த்தான். அக்காதான் பதில் சொன்னார்.

"வேண்டாம், ஹாகோப். நீ இருந்தா நான் உன்னைப் பாப்பன். பாத்தா, நீ மாறுவாய் எண்டு காத்துக்கொண்டு நிப்பன்."

அண்ணை தலையாட்டினார். வீடுவரை வானை அவர்தான் ஓட்டினார். அடுத்த பயணத்துக்கு வேறு ஒருவர் ஓட்டினார். அண்ணை பார்சல் களஞ்சியம் ஒன்றில் வேலைக்குப் போய்விட்டார். அக்கா தன் சீவாளிக்குத் தானே தண்ணீர் விடத் தொடங்கினார். நாணல் சரியாக விரியவில்லை என்று எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார்.

அதற்குப் பிறகு அண்ணையை நான் கண்டது சவப்பெட்டிக்குள்தான். ஒரு மாரிகாலம், வேலைக்குப் போகிற வழியில், பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை. மாரடைப்பு.

அவர்களுடைய வழக்கப்படி செத்தவீட்டில் டுடுக் ஊதவேண்டும். தாம் இல்லாமல் ஊதக்கூடாது. அக்கா தாம் பிடிக்கிற ஆள் தேடி எல்லா இடமும் டெலிபோன் எடுத்தார். டுசல்டோர்ஃபில் ஒருத்தர் இருந்தார். அவருக்கு வேலை, வரமுடியவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"தில்மானிட்டை இருந்து அதை வாங்கிக்கொண்டு வா. ஒரு சின்ன ஸ்பீக்கரும்."

அதை என்றால் எது என்று நான் கேட்கவில்லை. மயானத்துச் சின்ன ஆலயத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்தேன். அக்காவுக்கு ஒரு கதிரை போட்டேன். எங்கே போட என்று கேட்டதற்கு, "பெட்டிக்குக் கிட்ட" என்றார். சத்தத்தைத் திறந்தேன். அண்ணை தொடங்கினார். அக்கா ஊதினார். நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று கேட்டதில்லை; சனம் விம்மியது. பாட்டின் நடுவில் அக்கா திரும்பினார்.

புது வீட்டில் போய் நின்றார். காத்திருந்தார். கீழே சுரம் அசையாமல் கிடந்தது. அவருடைய இடது முழங்கால் பெட்டியின் பலகையில் அழுந்தியிருந்தது. இன்னும் காத்திருந்தார். பிறகு குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். சுரம் மட்டும் தனியே ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அது வந்தது. "ஸ்க்."

இருந்த சனம் முழுக்கப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தது. முன்வரிசைக் கிழவி ஒருத்தி சிலுவை போட்டாள்.

அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியா, அவன் மாறுறானில்லை."

அழுகையில்லாமல், கோபமாகத்தான் சொன்னார். நான் ஸ்பீக்கருக்குக் கிட்டப் போனேன். அந்தச் சுரத்துக்கு முடிவே கிடையாதே. தில்மான் அப்படித்தானே செய்துவைத்தான். ஆலயத்துக்குப் பொறுப்பான ஆள் வாசலில் நின்று தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டினார். அடுத்த பிரேதம் வந்துவிட்டதாம். நான் சத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்து, நிறுத்தினேன்.

தில்மானும் வந்திருந்தான், பூவோடு. உண்மையாகவே அழுதான், அதை மறைக்கமாட்டேன். வெளியே வந்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "உள்ள நடந்ததை நாங்கள் பதிஞ்சிருக்கலாம்" என்றான். பிறகு என்னைத் தேற்றுகிற நினைப்பில் இன்னொன்றும் சொன்னான். அந்தச் சுரத்தை இணையத்தில் இருக்கிற ஒரு ஒலித்தொகுப்புக்குக் கொடுத்துவிட்டானாம். "இனி ஆர் வேணுமெண்டாலும் எடுத்துப் பாவிக்கலாம். உலகம் முழுக்க ஹாகோப்பைக் கேக்கும்."

அக்கா பிறகு ஊதவில்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்தை இடித்துவிட்டு சூப்பர்மார்க்கெட் ஒன்று கட்டிவிட்டார்கள். நான் அங்கேதான் மரக்கறி வாங்குகிறேன். சில நாள் ஆப்ரிக்கொட் பெட்டி இறக்கியிருப்பார்கள், அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன். அப்பாவும் இப்போது இல்லை. "ஒத்துக்காரர் எப்படி இருக்கிறார்?" என்று அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். நல்லா இருக்கிறார் என்று சொல்லிவைத்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். சிகிச்சை அறையிலும் அதே சுரம்தான் ஓடியது. சாய்கதிரையில் படுக்கவைத்தார்கள். நான் பல்லை மறந்து அந்த மூக்குச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அதன் இடம் எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை ஊரில் எத்தனை மண்டபத்தில் கேட்டிருப்பேன். சுற்று முடிந்து அந்த இடம் வந்தது. வழவழவென்று போனது. இன்னொரு சுற்று. போனது. இப்போது வந்திருக்கிற கணினிகள் எதையும் கழுவிவிடும். குழியும் விழாமல், தடமும் இல்லாமல், யாரோ அதையும் எடுத்துவிட்டார்கள்.

"வாயை வடிவாத் திறவுங்கோ" என்றார் டொக்டர். "பயப்பிடாதேங்கோ. மூக்காலை மூச்செடுங்கோ."

மூக்கால் இழுத்தேன். அந்த அறையில் கேட்ட மூச்சு என்னுடையது மட்டும்தான்.